கம்பத்தில் கருடன், டெக்கில் ஐயா

இருபத்துமூன்று வயதில் நினைவுக் குறிப்பு எழுத வெட்கமில்லையா என்று தம்பி கேட்கிறான். அதையும் பிரெஞ்சில்தான் கேட்கிறான். வெட்கமில்லை. என்னோடு சேர்ந்து இந்த மொன்றியலில் பனிச்சப்பாத்தோடு வளர்ந்த நீங்களும் நானும் கிழவராகும் வரைக்கும் காத்திருந்தால் பாதி மறந்துபோகும். மீதியை அம்மாமார் திருத்திவிடுவார்கள். என் அம்மா இப்பவே தொடங்கிவிட்டார். "அண்டைக்கு நான் அழேல்லை" என்கிறார். அழுதார். நான் பார்த்தேன், ஒரு கண்ணால். ஏன் ஒரு கண் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் எல்லோரிடமும் ஒரு கோடைகாலம் இருக்கும். ஒருத்திக்கு அது பூங்கா நீச்சல்குளத்தின் குளோரின் மணம். இன்னொருத்தனுக்கு முழங்காலைக் கிழித்த முதல் சைக்கிள். எனக்கு ஒரு மின்கம்பம்.

அதற்கு முந்தின இலையுதிர் காலத்தில்தான் சென்ட் லோரன்ட் வாடகை வீட்டை விட்டு, நகரத்தின் ஓரத்து ஆற்றுத்தீவான இல்-பிசாருக்கு வந்தோம். எனக்குப் பதினொரு வயது. பழைய வீட்டில் மேல்மாடிக் குக்கர் விசிலடிப்பது எங்கள் குசினிக்குக் கேட்கும். பஸ் நின்றால் ஜன்னல் அதிரும். இங்கே ஒன்றுமில்லை. தெருமுனையில் ஆறு, அதற்கு முன்னால் ஒரு கம்பம், பிறகு அமைதி. அப்பாவுக்கு ஒரே பெருமை. சொந்த வீடு, முன்வாசலில் பலகையடித்த சொந்த டெக். அந்த டெக்கில் நின்று தேத்தண்ணி குடிப்பதற்காகவே தொழிற்சாலையிலிருந்து வேளைக்கு வந்தது போல நிற்பார். அம்மாவோ "இஞ்ச ஒரு ஆள் செத்தாலும் பக்கத்து வீட்டுக்குக் கேக்காது" என்றார். வீட்டில் இருந்த ஒரே காரை அப்பா கொண்டுபோய்விடுவார். பஸ் எப்போதாவது வரும். நாங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு அம்மாவோடு கதைக்க பிரிட்ஜின் உறுமல்தான் மிச்சம்.

தையில் ஐயா செத்துப்போனார். ஐயா என்றால் அம்மாவின் அப்பா, யாழ்ப்பாணத்தில். அன்றைக்குப் பனிப்புயல். விமானம் ஒன்றும் எழும்பவில்லை. செத்தவீட்டை மடிக்கணினியில் பார்த்தோம். படம் அடிக்கடி உறைந்தது. ஐயாவின் முகம் தெரிகிற நேரத்தில்தான் சரியாக உறையும். அம்மா அதை நல்லதென்று எடுத்துக்கொண்டார்.

ஐயா கனடாவுக்கு வர ஆசைப்பட்டவர். விசாவுக்கு எழுதினார், மறுத்தார்கள். திரும்ப எழுதினார், திரும்ப மறுத்தார்கள். வந்தால் ஊருக்குத் திரும்பிப் போகமாட்டார் என்று சந்தேகமாம். சொந்தக் கிணற்றில் நாலு வாளி அள்ளி ஊற்றாவிட்டால் அன்று முழுக்க முகத்தைச் சுளித்துக்கொண்டு திரிகிற மனிசன்! சுத்த சைவம் வேறு. என் பிறந்தநாளுக்கு வீடியோவில் வந்தால் முதல் கேள்வி, "கேக்கில முட்டை போட்டிருக்கோ?" என்பதாகத்தான் இருக்கும். திரைக்குள்ளால் யாரும் அவருக்கு ஊட்டப்போவதில்லை. ஆனாலும் கேட்பார். முட்டையில்லாத கேக் என்று அம்மா சொன்ன பிறகுதான் சிரிப்பார்.

மாசியில் ஒரு மத்தியானம் அம்மா டெக்கில் கிடந்த பனியை வழித்தார். உறைபெட்டியில் கிடந்த வாழையிலையில் ஒரு துண்டு வெட்டி, சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல் வைத்து "கா... கா..." என்று கூப்பிட்டார். முதலில் பக்கத்து வீட்டு நாய்தான் பதில் சொன்னது. பிறகு, எங்கிருந்தோ, ஒரு காகம். ஊர்க் காகம் போல சாம்பல் கழுத்தில்லை; முழுக்கக் கறுப்பு, நல்ல உடம்பு. அதன் இடது சிறகில் ஒரு இறகு மடங்காமல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா சால்வை போடுறது இப்பிடித்தான்," என்றார் அம்மா.

அப்பா கண்ணாடிக் கதவுக்குள் நின்று, "பாரும், உம்மட ஐயாக்கு இப்ப விசா தேவையில்லை," என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். அம்மா அதைப் பகிடியாக எடுக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் இலை வைத்தார். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது அம்மாவிடம் செய்தி இருக்கும். "ஐயா இண்டைக்குப் பயற்றங்காயைத் தொடேல்லை. ஊரிலயும் தொடமாட்டார்." ஒருநாள் பள்ளிக்கூடம் நேரத்துக்கு முன்னமே விட்டது. கதவைத் திறக்கும்போதே அம்மாவின் குரல் கேட்டது. டெக்கில் குந்தியிருந்து, எங்கள் வீட்டுக் குழாய் உறைந்துபோன கதையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காகம் தலையைச் சரித்துக் கேட்டது. அம்மா அவ்வளவு கதைத்து நான் மாதக்கணக்கில் கேட்டதில்லை. சத்தமில்லாமல் சப்பாத்தைக் கழற்றினேன்.

சரி, இனிக் கம்பம்.

ஏப்ரலில், ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து நொறுங்கிப் போன கிழமை, அந்தக் கம்பத்தின் உச்சியில் பெரிய பறவை ஒன்று தடிகளோடு வந்து இறங்கியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. மேலே கபில நிறம், வயிறு வெள்ளை, கண்ணுக்குக் குறுக்கே திருடன் முகமூடி கட்டினது போல ஒரு கறுப்புப் பட்டி. கம்பத்தில் கம்பிகள் இல்லை. மின்சாரக்காரர் இவற்றுக்காகவே ஒரு மரத்தட்டை அறைந்து விட்டிருந்தார்களாம். தடி, புல்லு, யாரோ தொலைத்த நீலக் கையுறை, ஒரு பொலித்தீன் பை எல்லாம் மேலே போயின. தடியொன்று தட்டில் நிற்காமல் விழுந்தால் அதையே திரும்ப எடுக்க இறங்காது. ஆற்றைத் தாண்டிப் போய் வேறொன்று முறித்துக்கொண்டு வரும். நான் அன்றே பைத்தியமானேன்.

அப்பா "பருந்து" என்றார். பள்ளிக்கூடத்து மதாம் பிரெஞ்சில் "பல்பூசார்" என்றார். நான் இணையத்தில் கிண்டிக் கிண்டி விராலடிப்பான் என்ற பெயரைக் கண்டுபிடித்து, வாய்க்குள் போட்டுச் சப்பிக்கொண்டு திரிந்தேன். இங்கே அடிக்க விராலே இல்லை என்பது வேறு கதை, கெளுத்தியும் கெண்டையும்தான்.

எதிர்வீட்டு அங்கிளுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. அவர் சென்னைக்காரர். நான் பிறக்க முதலே வந்து, விமானத் தொழிற்சாலையில் பெரிய எஞ்சினியராக இருந்தவர். காலையில் வேலைக்குப் புறப்பட்டவர் நடுத்தெருவில் காரை நிறுத்தி, கதவைத் திறந்தபடியே விட்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். ரோட்டில் இன்னும் பனிச்சேறு.

"கருடன் பாப்பா! சாட்சாத் கருடன்! கனடால கருட தரிசனம் யாருக்குக் கிடைக்கும் சொல்லு?"

"இது மீன் சாப்பிடுற பறவை, அங்கிள். விராலடிப்பான்."

"நீ சின்னப் பொண்ணு. பெருமாள் எதை அனுப்பினாரோ அதான் கருடன்."

அதன்பின் தினமும் தரிசனம். தன் சீனி வியாதி குறைந்துவிட்டதாக எங்கள் அப்பாவிடம் சொன்னார். ஒருநாள் அவர் கண்மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிற்க, மேலேயிருந்து கெளுத்தித் தலையொன்று அவருடைய காரின் முன்கண்ணாடியில் பொத்தென்று விழுந்து வழுக்கிக்கொண்டு போனது. அங்கிள் முட்டைகூடத் தொடாதவர். 

"இதைப் பிரசாதம்னு எடுத்துக்கணுமா, கார் வாஷுக்குப் போகணுமா?"

"வேண்டாமெண்டா இஞ்சால தாங்கோ அண்ணை," என்றார் அப்பா. "குழம்பு வைப்பம்."

எனக்கு ஒரு தூரக்கண்ணாடி கிடைத்தது. யாரோ கராஜ் வாசலில் பழைய சாமான் விற்றபோது அப்பா எடுத்துத் தந்தது. வலதுபக்கக் கண்ணாடிக்குள் ஈரம் பூந்து பாலாடை போல மூடியிருந்தது. இடது கண்ணால்தான் பார்க்கலாம். அதனால் அந்த வருசம் முழுவதும் எனக்கு ஒற்றைக்கண் வருசம். கறுப்புத் தோல் உறையில் அந்நியருடைய வாசனைத்திரவியம் மணத்தது. பிறகு ஏதோ ஒரு வீடு துப்பரவாக்கலில் அது தொலைந்தது. இன்றைக்கும் நல்ல தூரக்கண்ணாடியால் பார்க்கும்போது வலது கண்ணை மூடிக்கொள்கிறேன்.

பெண்பறவை முட்டைமேல் அடையிருந்தது. சித்திரை பிறந்த பிறகும் ஒருநாள் பனி கொட்டியது. கூட்டுக்கு மேலே வெள்ளை மேடு. அந்த மேட்டுக்குள் மஞ்சள் கண் ஒன்று. நான் அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போனேன். பின்னேரம் வந்து பார்த்தால், அது ஒரு உதறு உதறிவிட்டு அதே இடத்தில் இருந்தது. ஆண்பறவை உயிர்மீனொன்றோடு வந்துகொண்டிருந்தது. நான் டெக்கில் நின்று துள்ளினேன். ஒரே நாளில் அவ்வளவு கீழேயும் அவ்வளவு மேலேயும் என்னைக் கொண்டுபோக அதற்கு முன் எதனாலும் முடிந்ததில்லை.

பிரச்சினை காகங்களால் வந்தது. சோறு என்றால் ஒரு காகம் தனியாகத் தின்னாது, தெரியும்தானே. சால்வைக் காகம் சொந்தம், சுற்றம் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தது. சாப்பிட்டு முடித்ததும் கூட்டமாகக் கம்பத்துக்குப் போய், அடையிருக்கிற பறவையின் தலைக்கு மேலால் கத்திக்கொண்டு பறப்பார்கள். அங்கிள் தகரத்தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

"என்னம்மா இது? நீங்க சோறு போட்டு வளக்கறீங்க, அதுங்க வந்து கருடனை வம்புக்கிழுக்குது!"

"அண்ணை, நான் ஊரிலுள்ள காகத்துக்கெல்லாம் வைக்கேல்லை. என்ர ஐயாக்கு வைக்கிறன்."

"உங்க ஐயா ஒருத்தர்னா சரி. கூட இருபது பேரைக் கூட்டிண்டு வராரே!"

"அவர் எப்பவும் அப்பிடித்தான். தனியச் சாப்பிடமாட்டார்."

"கருடன் குடும்பத்தோட வந்திருக்கு. அது நம்ம தெருவுக்கே க்ஷேமம்மா."

"உங்கட கருடனுக்காக என்ர ஐயா பட்டினி கிடக்கிறதோ?"

 அங்கிள் தட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார். எனக்கு யார் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை. இலையை எடுத்தால் அம்மா திரும்பவும் பிரிட்ஜோடு இருக்கவேண்டும். எடுக்காவிட்டால் முட்டைகள் என்னாகும்?

அப்பா சமாதானம் செய்யப்போய் கடையில் ஒரு பிளாஸ்டிக் ஆந்தை வாங்கி வந்தார்; காகம் பயப்படுமாம். டெக் மூலையில் அது நின்றது, தலை காற்றில் சுழலும். அம்மா கதவைத் திறந்ததும் நெஞ்சில் கைவைத்தார். "வீட்டுக்கு முன்னால ஆந்தையைக் கொண்டுவந்து வைக்கிற விசர் மனிசன் உலகத்தில ஆரும் இருக்கோ?" அதற்குள் சால்வைக் காகம் ஆந்தையின் தலையில் குந்தி ஒரு சுற்று வந்துவிட்டது. ஆந்தை கராஜுக்குள் போனது. இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன், சுவரைப் பார்த்தபடி.

பிறகு அந்தச் சனிக்கிழமை. நான் டெக் படியில், தூரக்கண்ணாடியோடு. ஆற்றுப் பக்கமிருந்து மூன்றாவதாக ஒரு விராலடிப்பான், அந்நியன், கூட்டுக்கு மேலே வட்டமிட்டது. ஆண்பறவை அதை விரட்ட எழும்பியது. அது போகவில்லை. பெண்பறவையும் கத்திக்கொண்டு எழும்பியது, கொஞ்ச நேரத்துக்குத்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு காகம் கூட்டின் விளிம்பில் இறங்கியது. என் இடது கண்ணுக்குள் அதன் சால்வை தெளிவாகத் தெரிந்தது.

நான் கத்தினேன். ஒரு பிரயோசனமும் இல்லை. அது முட்டையை அலகால் குத்தி எடுத்துக்கொண்டு நேரே எங்கள் டெக்குக்கு வந்தது. வேறெங்கே போகும்? தினமும் சாப்பிடுகிற இடம். அம்மா அப்போதுதான் இலையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவருடைய கைக்கெட்டும் தூரத்தில், இலைக்குப் பக்கத்தில், முட்டையைப் போட்டு உடைத்துக் குடித்தது. சோற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. கபிலப் புள்ளி போட்ட கோது இரண்டாகக் கிடந்தது.

"ஐயா முட்டை தின்னமாட்டார்," என்றார் அம்மா. யாருக்கோ கணக்குச் சொல்வது போல, மெதுவாக. பிறகு, "அப்ப இது ஐயா இல்லை," என்றார்.

அங்கிள் தெருவைத் தாண்டி ஓடிவந்தார். அவரும் பார்த்திருந்தார். முகம் சிவந்து, வாய் நிறையச் சொற்களோடு வந்தவர் அம்மாவின் முகத்தைக் கண்டு அப்படியே நின்றார். தட்டும் கரண்டியும் இரண்டு கையிலும் சும்மா தொங்கின.

"அண்ணை, இனி வைக்கமாட்டன்," என்றார் அம்மா.

வழக்கில் வென்ற மனிதர் அவ்வளவு பரிதாபமாக நின்றதை நான் பிறகு எங்கும் பார்த்ததில்லை.

மத்தியானங்கள் திரும்பவும் அமைதியாகின. அம்மா இலை வெட்டவில்லை. சில நாள் காகங்கள் வந்து வெறும் பலகையைக் கொத்திப் பார்த்தன, பிறகு வரவில்லை. அங்கிள் ஒரு டப்பா நிறைய முறுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டைத் தாண்டும்போது காரை மெதுவாக்குவார், ஆனால் இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லை. தன் வீட்டுப் படியில் நின்று கள்ளமாகக் கும்பிடுவார்.

ஆனியில் குஞ்சுகள் வந்தன. இரண்டு. பல்லி போலத் தலை, நிற்காத கழுத்து. தாய் மீனைத் துணுக்குத் துணுக்காகக் கிழித்து, தலையைப் பக்கவாட்டில் சரித்து, அவ்வளவு பெரிய கொக்கிச் சொண்டால் அவ்வளவு பக்குவமாக ஊட்டியது. நான் மூச்சிரைக்க உள்ளே ஓடி "அம்மா! ரெண்டு! ரெண்டு குஞ்சு!" என்றேன். "ம், நல்லது," என்றார் அம்மா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். என் வாழ்க்கையின் மிகப் பெரிய செய்தி குசினி வாசலிலேயே விழுந்துவிட்டது.

பிறகு விடாமல் மழை. ஆறு தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. கலங்கிய தண்ணிக்குள் மீன் தெரியாது. ஆண்பறவை வெறுங்காலோடு வரும், போகும், வெறுங்காலோடு வரும். மழை விட்ட அன்று கூட்டில் ஒரு தலைதான் தெரிந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒன்றுதான். நான் டெக் படியில் இருந்து அழுதேன். அந்தத் தகப்பன் பறவை மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

அம்மா வந்து பக்கத்தில் இருந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கண்ணாடியை வாங்கிக் கம்பத்தைப் பார்த்தார்.

"அதை ஏசாத பிள்ளை. காலநிலை அப்பிடி. மனமில்லாமலோ? ஏலாமப் போச்சு. அவ்வளவுதான்."

பறவையைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். பதினொரு வயது. தையில் எழும்பாத விமானம் எனக்கு நினைவுக்கு வரவேயில்லை.

ஆடி அமாவாசை வந்தது. தகப்பன் இல்லாதவர்கள் விரதம் பிடிக்கிற நாள். ஆட்டைத் திவசம், அந்த முதலாண்டுத் திதி, முடியாமல் பிடிக்கக்கூடாது என்று பெரியம்மா போனில் சொன்னார். அம்மா "சரி அக்கா" என்று கேட்டுக்கொண்டே கத்தரிக்காய் வெட்டினார். அப்பா லீவு எடுத்து, தமிழ்க்கடையெல்லாம் அலைந்து காத்தோட்டிக்காய் பிடித்து வந்திருந்தார். அந்தக் கசப்புக்காய் இல்லாமல் அம்மாவுக்கு ஆடி அமாவாசை இல்லை. வடை, பாயாசம், பூசணி, வாழைக்காய். வீடு முழுக்க நெய்மணம். அம்மா காலையிலிருந்து தண்ணிகூடக் குடிக்கவில்லை.

மத்தியானம் வாழையிலையை வைத்தார். முழு இலை, துண்டில்லை. "கா... கா..." என்றார்.

ஒன்றும் வரவில்லை.

திரும்பக் கூப்பிட்டார். அணிலொன்று வந்தது, அப்பா துரத்தினார். பாயாசத்தில் ஆடை படர்ந்தது. "ஒரு வாய் தண்ணியாவது குடியும்," என்றார் அப்பா. "காகம் எடுக்காமல் நான் எப்பிடிக் குடிக்கிறது?" என்றார் அம்மா.  அது ஐயா இல்லை என்று அவரே தீர்ப்புச் சொன்னவர். ஆனால் அது வராமல் அவரால் சாப்பிட முடியாது. யாரையென்று கூப்பிடுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை போல இருந்தது.

அங்கிள் எதிரே புல்லுக்குத் தண்ணி அடித்துக்கொண்டு நின்றார். காலையில் தர்ப்பணம் பண்ணின நெற்றி, கீழே அரைக்காற்சட்டை.

"என்ன பாப்பா, காக்கா வரலியா?"

"நீங்கதானே துரத்தினீங்க," என்றேன்.

அங்கிள் குழாயைப் புல்லில் போட்டார். நடுத்தெருவுக்கு வந்தார். முகத்தை மேலே தூக்கி, இரண்டு கையையும் வாயில் குவித்து, "கா...! கா...! கா...!" என்றார். அப்படியொரு சத்தம் அவருக்குள் இருந்தது எங்களுக்குத் தெரியாது. ஓடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரச் சோடி "பொன்ஜூர்" என்று சொல்லி, ஒதுங்கி, வேகமாக ஓடியது. அப்பா போய் அவருக்குப் பக்கத்தில் நின்று "கா!" என்றார். தம்பி போனான். நானும் போனேன். நாலு பேரும் தெருவில் நின்று கத்த, கம்பத்தின் மேல், அப்போது தாயளவு வளர்ந்து சிறகடித்துப் பழகிக்கொண்டிருந்த தனிக்குஞ்சு கழுத்தை வளைத்து எங்களைப் பார்த்தது.

காகங்கள் தூரத்தில் இல்லை. கம்பத்தின் அடியில், கூட்டிலிருந்து விழுகிற மீன் மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தன. அதிலொன்று எழும்பியது. சால்வை தெரிந்தது. நான் டெக்குக்கு ஓடினேன்.

அது வந்து மரச்சட்டத்தில் குந்தியது. அலகில் மீன் துண்டு. இலையைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. பிறகு ஒரு துள்ளில் இறங்கி, அந்த மீனைக் கொண்டுபோய், விரத இலையின் நடுவில், சோற்றுக்கு மேலே வைத்துவிட்டு, வடையை எடுத்தது.

 தெருவில் அங்கிள் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். நான் பழக்க தோசத்தில் கண்ணாடியைத் தூக்கி, ஒரு கண்ணால், அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இரண்டடி தூரத்தில் இருந்ததால் கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் கன்னம் நனைந்தது தெரிந்தது. பிறகு அந்தக் கலங்கல் குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறார்!

"ஐயா, நீங்களுமோ?" என்றார் அம்மா. சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "விடுங்கோ. கனடாவுக்கு வந்தாப் பிறகு ஆர்தான் மாறேல்லை? முட்டை, மீன் எல்லாம் பழகிட்டார்." காகத்திடம், "ஆறுதலாச் சாப்பிடுங்கோ. இஞ்ச ஒருத்தரும் ஏசமாட்டினம்," என்றார்.

ஐயா ஆறுதலாகச் சாப்பிட்டார். வடை முழுதும், சோறு பாதி. கடைசியில் அந்த மீனையும். காத்தோட்டிக்காயைத் தொடவில்லை.

அம்மா ஒரு செம்பு தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து, "அண்ணை! கால் முகம் கழுவிக்கொண்டு வாங்கோ, எங்களோட சாப்பிடலாம்!" என்றார்.

"மீன் வெச்ச அந்த இலைல இல்லையே?" என்றார் அங்கிள்.

குஞ்சு அதற்குப் பிறகு ஒரு காலை, நாங்கள் யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், காற்று தூக்கிவிட, கூட்டை விட்டு எழும்பி, பயந்து, அங்கிளின் கூரையில் இறங்கியது. அவர் அன்று வேலைக்குப் போகவில்லை. ஓகஸ்ட் முடிவில் தாய் முதலில் தெற்கே போனது, பிறகு தகப்பன். கடைசியில் குஞ்சு, வழி காட்ட ஆளில்லாமல் தனியாக. வெறும் கம்பத்தைப் பார்த்து நான் விக்கி விக்கி அழுதேன். "வருவினம் பிள்ளை," என்றார் அம்மா, இலை வெட்டிக்கொண்டு. "வாற ஆக்கள் எப்பிடியும் வருவினம்."

இப்போது எங்கள் தெருவில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஏப்ரலில் கருடன் வந்துவிட்டால், ஆடி அமாவாசை தவிர, டெக்கில் இலை இல்லை. அந்த மாதங்களில் அம்மா சோற்றுப் பிடியை அப்பாவின் சாப்பாட்டுப் பெட்டியில் கட்டிவிடுவார். சென்ட் லோரன்டில் தொழிற்சாலைக் கார்கள் நிற்கிற இடத்தில் அப்பா அதை வைத்துக் கூப்பிடுவார். அங்கேயும் காகங்கள் இருக்கின்றன. சால்வை போட்ட ஒன்று வருவதாக அப்பா சத்தியம் செய்கிறார். நான் விசாரிக்கவில்லை.

நான் டவுன்டவுனில் அறையெடுத்துப் படிக்கிறேன். இந்த ஏப்ரலில் ஆற்றுப் பனிக்கட்டி உடைந்ததென்று கேள்விப்பட்டதும், மெட்ரோவுக்கு ஓடுகிற வழியில் அம்மாவுக்குப் போன் அடித்தேன்.

"வந்திட்டினமோ?"

"ஓம், காலமை வந்திட்டினம். அங்கிள் றோட்டில சப்பாத்தில்லாமல் நிக்கிறார்."

"அப்ப ஐயா?"

"அவர் அப்பாவோட வேலைக்குப் போயிட்டார்."